ஒரு ஆரஞ்சு நிறப் பொடியும் ஐந்து சொந்தக்காரர்களும்

எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்கிற யாரிடமாவது 'காட்டன் அண்ட் வில்கின்சன்' என்று சொல்லிப் பாருங்கள். ஒன்று பெருமூச்சு வரும், இல்லையென்றால் தலையணை உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டுவார்கள். கனிம வேதியியலுக்கு அதுதான் பெரிய புத்தகம். 1962ல் முதல் பதிப்பு வந்தது, அதற்குப் பிறகு பதிப்புக்குப் பதிப்பு தடித்துக்கொண்டே போனது. பி.காம். படிக்கும் எனக்கும் அந்தப் புத்தகத்துக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. ஆனால் அட்டையில் இருக்கும் இரண்டாவது பெயருக்குரிய மனிதரின் கதையைப் படித்தபோது, இது எங்கள் பாடம்தானே என்று தோன்றியது. ஒரு சொத்து இருக்கிறது, அதை யாருடைய பேரேட்டில் ஏற்றுவது? கண்டெடுத்தவர் கணக்கிலா, அது என்னவென்று சரியாகச் சொன்னவர் கணக்கிலா, அதை வைத்துத் தொழில் நடத்தியவர் கணக்கிலா? கெமிஸ்ட்ரி என்றதும் பக்கத்தை மூடிவிட வேண்டாம். சமன்பாடு ஒன்றுகூட கிடையாது, சத்தியம் :-)

ஜெஃப்ரி வில்கின்சன் 1921 ஜூலை 14ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், டாட்மார்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். பருத்தி ஆலைகள் நிறைந்த பகுதி அது. அப்பா வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழில் செய்தவர், அம்மா ஆலையில் வேலை பார்த்தவர். மாமா ஒருவர் திருமணம் செய்துகொண்ட குடும்பத்துக்கு எப்சம் உப்பு, கிளாபர் உப்பு தயாரிக்கும் சின்ன ரசாயனக் கம்பெனி இருந்தது. அங்கே போய் வேடிக்கை பார்த்துத்தான் பையனுக்கு வேதியியல் பைத்தியம் பிடித்தது. உள்ளூர்ப் பள்ளியில் அவருக்கு இயற்பியல் நடத்திய ஆசிரியர் லூக் சட்கிளிஃப். இதே ஆசிரியரிடம் அதற்கு முன்பு படித்த இன்னொரு மாணவர் ஜான் காக்ராஃப்ட், 1951ல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். ஒரு சின்ன ஊர்ப் பள்ளி, ஒரே வாத்தியார், இரண்டு நோபல். நம் ஊரில் என்றால் ஆர்ச்சே கட்டியிருப்பார்கள்.

1939ல் உதவித்தொகையோடு லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சேர்ந்து 1941ல் பட்டம் வாங்கினார். யுத்த காலம். அணுசக்தித் திட்டத்துக்கு இளம் வேதியியலாளர்களைத் தேடிக்கொண்டிருந்த பேராசிரியர் பேனத் இவரையும் சேர்த்துக்கொள்ள, 1943ல் கனடாவுக்கு அனுப்பப்பட்டார். மான்ட்ரியல், பிறகு சாக் ரிவர். 1946ல் அங்கிருந்து அமெரிக்கா போய், பெர்க்லியில் க்ளென் சீபோர்கிடம் நான்கு வருடம். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியை வைத்து ஏராளமான புது ஐசோடோப்புகளைத் தயாரித்தார். அந்தப் பாதையிலேயே போயிருந்தால் நல்ல அணு வேதியியலாளர் என்று பெயர் வாங்கி ஓய்வு பெற்றிருப்பார். நாம் யாரும் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

ஆனால் 1950ல் எம்.ஐ.டி.க்குப் போனவர், அணுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு, மாணவராக இருந்தபோது பிடித்திருந்த பழைய விஷயத்துக்குத் திரும்பினார். இரும்பு, நிக்கல் மாதிரியான உலோகங்களோடு கார்பன் மோனாக்சைடு போன்ற சின்ன மூலக்கூறுகள் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்ற விஷயம். அப்போது இதற்குப் பெரிய மவுசு இல்லை. மவுசெல்லாம் அணு வேதியியலுக்கும் கரிம வேதியியலுக்கும்தான். கனிம வேதியியல் என்றால் உப்புகளின் பட்டியல் என்று மற்றவர்கள் நினைத்த காலம் அது. விலை இறங்கிக் கிடந்த பங்கை மொத்தமாக வாங்கிப் போட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1951 செப்டம்பரில் ஹார்வர்டில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. நிரந்தரப் பதவி இல்லை. வயது 30. அதே வருடம் லீஸா என்ற டென்மார்க் பெண்ணோடு திருமணமும் நடந்தது.

இனிமேல்தான் மேட்டரே.

1951 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் பிட்ஸ்பர்க் நகரத்தில் டியூக்கேன் என்ற, அவ்வளவாகப் பெயர் தெரியாத பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் பாசனும் அவருடைய மாணவர் தாமஸ் கீலியும். பாசன் ஜெர்மனியில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி, சிறுவயதில் குடும்பத்தோடு பிரிட்டனுக்கு வந்தவர். இவர்கள் செய்ய நினைத்தது ஃபுல்வலீன் என்ற வேறொரு கார்பன் சேர்மத்தை. ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட வளையம் ஒன்றை எடுத்து, இரும்புக் குளோரைடைப் போட்டு, இரண்டு வளையங்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கப் பார்த்தார்கள். வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பதிலாக அழகான ஆரஞ்சு நிறப் படிகங்கள் வந்தன. சோதித்துப் பார்த்தால் இரண்டு வளையங்களும் இருக்கின்றன, கூடவே ஒரு இரும்பு அணுவும் இருக்கிறது!

இதில் என்ன அதிசயம் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. இரும்புக்கும் கார்பனுக்கும் நேரடியாகப் பிணைப்பு உள்ள சேர்மங்கள் நிலைக்காது என்பது அன்றைக்கு இருந்த அனுபவம். பலர் முயற்சி செய்து தோற்றுப்போயிருந்தார்கள். இந்தப் பொடியோ காற்று பட்டாலும், தண்ணீர் பட்டாலும், நீர்த்த அமிலம் பட்டாலும் அசையவில்லை. 173 டிகிரியில் அமைதியாக உருகியது, இன்னும் சூடாக்கினால் ஆவியாகிப் போய்த் திரும்பவும் படிகமானது. சிதையவே இல்லை. இருக்கவே கூடாத ஒன்று இப்படிக் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தால் வேதியியலாளருக்குத் தூக்கம் வருமா?

பாசனும் கீலியும்தான் முதலில் செய்தார்களா என்றால் அதிலும் ஒரு சிக்கல். இங்கிலாந்தில் பிரிட்டிஷ் ஆக்சிஜன் கம்பெனியில் மில்லர், டெபத், டிரமெய்ன் என்ற மூன்று பேர் முற்றிலும் வேறு வழியில் இதே பொடியைச் செய்திருந்தார்கள். அவர்கள் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பியது 1951 ஜூலையில், பாசனுக்கு ஒரு மாதம் முன்னால். ஆனால் அது அச்சானது 1952ல். அந்த இதழின் வரிசை அவ்வளவு நீளம்! அதற்கும் முன்பே யூனியன் கார்பைடு கம்பெனியின் ஒரு ஆலையில் இரும்புக் குழாய்களுக்குள் மஞ்சளாக ஏதோ கசடு படிந்து அடைத்துக்கொண்டது என்றும், சுத்தம் செய்யும்போது அதில் கொஞ்சம் எடுத்து பாட்டிலில் வைத்திருந்தார்கள் என்றும், பின்னாளில் பார்த்தால் அது இதே பொடிதான் என்றும் வேதியியலாளர்கள் நடுவே ஒரு கதை உலவுகிறது. கையில் கிடைத்த வைரத்தைக் கசடு என்று நினைத்துக் கழுவிவிட்ட கதை.

பொடி கிடைத்துவிட்டது. அது என்ன வடிவம்? பாசன் - கீலி கட்டுரை சொன்ன படம் எளிமையானது. நடுவில் இரும்பு, அதன் இரண்டு பக்கமும் கை நீட்டிய மாதிரி ஒவ்வொரு வளையம், ஒவ்வொன்றும் ஒரே ஒரு கார்பன் வழியாக மட்டும் இரும்பைப் பிடித்திருக்கிறது. 1952 ஜனவரிக் கடைசியில் ஹார்வர்டில் இந்த இதழைப் பார்த்த வில்கின்சனுக்கு இது தவறு என்று உடனே பட்டது. அப்படி ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தால் எப்போதோ உதிர்ந்திருக்க வேண்டுமே! அவர் மனதில் வந்த படம் வேறு. இரண்டு வளையங்களும் இரண்டு ரொட்டித் துண்டு மாதிரி மேலேயும் கீழேயும் படுத்திருக்கின்றன, இரும்பு நடுவில். பத்து கார்பன்களும் சமமாக அதைப் பிடித்திருக்கின்றன. சாண்ட்விச்!

அதே ஹார்வர்டில், அதே கட்டுரையைப் படித்து, அதே முடிவுக்கு இன்னொருவரும் வந்தார். ராபர்ட் பர்ன்ஸ் வுட்வர்ட். இவர் சாதாரண ஆள் இல்லை. இருபத்தேழு வயதில் குவினைன் தயாரிப்பில் உலகப் புகழ் பெற்றவர், கரிம வேதியியலின் சூப்பர் ஸ்டார். உதவிப் பேராசிரியர் வில்கின்சனும் சூப்பர் ஸ்டார் வுட்வர்டும் சேர்ந்து வேலையை ஆரம்பித்தார்கள். கூட ரோசன்பிளம், வைட்டிங் என்ற இரண்டு இளைஞர்கள். அவர்கள் காட்டிய ஆதாரம் மூன்றும் எளிமையானவை. காந்தத்தன்மையை அளந்தார்கள்: ஜோடி சேராத எலக்ட்ரான் எதுவும் இல்லை. அகச்சிவப்புக் கதிரை விட்டுப் பார்த்தார்கள்: கார்பன் - ஹைட்ரஜன் பிணைப்பு ஒரே ஒரு வகைதான் தெரிந்தது, அதாவது பத்து கார்பன்களும் ஒரே மாதிரி. ஒரு பக்கமாக மின்சுமை சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தார்கள்: சாயவில்லை, பூஜ்யம். இந்த மூன்றுக்கும் ஒத்துப்போகிற வடிவம் சாண்ட்விச்தான். கூட்டிப் பார்த்தால் இரும்பின் எட்டு எலக்ட்ரான், வளையத்துக்கு ஐந்து வீதம் பத்து, மொத்தம் பதினெட்டு. கிரிப்டான் என்ற மந்த வாயுவின் கணக்கு. வரவும் செலவும் பைசா பிசகாமல் டேலி ஆகிவிட்டது!

கட்டுரை 1952 மார்ச்சில் அனுப்பப்பட்டு, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி இதழில் வந்தது. பெயர் வரிசையில் முதலில் வில்கின்சன், கடைசியில் வுட்வர்ட். அடுத்து வுட்வர்டின் குழு, இந்த வளையங்கள் பென்சீன் மாதிரியே வினைபுரிகின்றன என்று தனியாகக் காட்டியது. பென்சீனை நினைவூட்டும்படி 'ஃபெரோசீன்' என்று பெயர் வைத்தது வைட்டிங்.

இதே மாதங்களில் கடல் தாண்டி முனிச்சில், எர்ன்ஸ்ட் ஓட்டோ ஃபிஷர் என்ற இளைஞர் யாரிடமும் கேட்காமல் இதே பொடியை எக்ஸ்-ரே படிகமுறையில் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரும் இரண்டு வளையம், நடுவில் இரும்பு என்றே முடிவு செய்து 1952லேயே வெளியிட்டார். அவர் அதற்கு வைத்த பெயர் 'இரட்டைக் கூம்பு'. நல்லவேளை, சாண்ட்விச் என்ற பெயர்தான் நிலைத்தது.

ஆக ஒரு பொடிக்கு ஐந்து சொந்தக்காரர்கள். பாசன் - கீலி, பிரிட்டிஷ் ஆக்சிஜன் மூவர், வில்கின்சன், வுட்வர்ட், ஃபிஷர்.

நான்கே மாதத்தில் நடந்து முடிந்த விஷயம் இது. அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்தால்தான் என் கட்சி புரியும். வுட்வர்ட் சில கட்டுரைகளோடு தன் பழைய ராஜ்யத்துக்கே திரும்பிப் போய்விட்டார். ஸ்ட்ரிக்னைன், குளோரோஃபில், பின்னாளில் வைட்டமின் பி-12 என்று ஒன்றைவிட ஒன்று மலைப்பானவற்றை ஆய்வகத்தில் கட்டினார். வில்கின்சனோ இரும்பை எடுத்துவிட்டு ருத்தேனியத்தை வைத்தார். வேலை செய்தது. கோபால்ட், நிக்கல், டைட்டானியம், சிர்கோனியம் என்று தனிம அட்டவணையில் வரிசையாக ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்தார். 1954ல் லாந்தனைடுகள் வரைக்கும் போய்விட்டார். ரீனியத்தோடு முயன்றபோது உலோகத்தின் மேலேயே ஒரு ஹைட்ரஜன் உட்கார்ந்திருக்கும் சேர்மம் கிடைத்தது. அதை உறுதிசெய்ய, அப்போதுதான் புதிதாக வந்திருந்த என்.எம்.ஆர். கருவியைப் பயன்படுத்தினார். ஒரு புது ஆள் இருக்கிறார் என்பது போய், ஒரு புது ஜாதியே இருக்கிறது என்று ஆகிவிட்டது. ஃபிஷரும் அந்தப் பக்கம் சும்மா இருக்கவில்லை. 1955ல் குரோமியத்தை இரண்டு பென்சீன் வளையங்களுக்கு நடுவில் வைத்துக் காட்டினார். லண்டனுக்கும் முனிச்சுக்கும் நடுவே பல வருடம் ஓட்டப்பந்தயம்தான்.

லண்டன் என்றேன். ஹார்வர்ட் என்ன ஆயிற்று? இவ்வளவுக்கும் பிறகு ஹார்வர்ட் அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. இந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு துறையையே திறந்துவிட்ட ஆளை வைத்துக்கொள்ளத் தெரியாத பல்கலைக்கழகத்தை என்ன சொல்வது? இம்பீரியல் கல்லூரி 1955 ஜூனில் கனிம வேதியியல் பேராசிரியர் பதவியைக் கொடுத்தது, 1956 ஜனவரியில் லண்டனில் வேலையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 34. அதற்குப் பிறகு வேறெங்கும் போகவில்லை. ஹார்வர்டில் அவரிடம் முதலில் டாக்டர் பட்ட ஆய்வு செய்த மாணவர் ஆல்பர்ட் காட்டன். அவர்தான் புத்தக அட்டையின் முதல் பெயர். மாணவர் பெயர் முன்னால், ஆசிரியர் பெயர் பின்னால். அகர வரிசைதான் காரணமோ என்னவோ, எனக்கு அது பிடித்திருந்தது.

இருபத்தோரு வருடம் கழித்து, 1973ல், சாண்ட்விச் சேர்மங்களுக்காக வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. இரண்டு பேருக்கு: ஃபிஷர், வில்கின்சன். வுட்வர்டுக்கு இல்லை.

வுட்வர்ட் பேசாமல் இருந்திருக்கலாம். அவரிடம் ஏற்கனவே 1965ல் வாங்கிய நோபல் இருந்தது. ஆனால் அவர் நோபல் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மரியாதையான கடிதம்தான், ஆனால் விஷயம் கடுமையானது. தெரியாமல் பெரிய அநீதி செய்துவிட்டீர்கள், அந்த வடிவத்தை முதலில் யோசித்தவன் நான், மற்றவர்களைக் கூட்டியவனும் நான் என்பது சாரம். வில்கின்சன் 1975ல் அந்த முதல் நான்கு மாதங்களைப் பற்றித் தன் நினைவுகளை எழுதி வெளியிட்டார். கட்டுரையைப் படித்தபோதே தனக்கு அந்த வடிவம் தோன்றிவிட்டது என்பது அவர் தரப்பு. ஒரே அறையில் நடந்த ஒரே பேச்சை இரண்டு மேதைகள் இரண்டு விதமாக நினைவு வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் ரோல்ட் ஹாஃப்மன் (இவரும் நோபல் வாங்கியவர், ஒரு காலத்தில் வுட்வர்டோடு சேர்ந்து வேலை செய்தவர்) லாஸ்லோ என்பவரோடு சேர்ந்து இந்த விவகாரத்தைத் துருவி எழுதிய கட்டுரைக்கு, குரோசாவாவின் 'ரஷோமான்' படத்தைத்தான் துணைக்கு அழைத்தார். 'அந்த நாள்' பார்த்தவர்களுக்கு இது புரியும்.

என் தீர்ப்பை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். யோசனை யாருக்கு முதலில் வந்தது என்று கேட்டால் வழக்கு தீரவே தீராது. முதலில் செய்தவருக்கு என்றால் பாசனுக்கும் கீலிக்கும் பிரிட்டிஷ் ஆக்சிஜன் மூவருக்கும்தான் போக வேண்டும், வுட்வர்டுக்கும் கிடைக்காது. முதலில் யோசித்தவருக்கு என்றால் சாட்சி இல்லை. மிச்சம் இருப்பது ஒரே அளவுகோல், அந்தப் பொடியிலிருந்து ஒரு துறையைக் கட்டியது யார்? அப்படிக் கேட்டால் பதில் வில்கின்சனும் ஃபிஷரும்தான். வுட்வர்டுக்கு ஃபெரோசீன் போகிற வழியில் தங்கிய சத்திரம். மற்ற இருவருக்கும் அது குடியிருந்த வீடு. ஆனால் இப்படிச் சொல்லும்போது பாசனுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பதும் உறுத்துகிறது. பரிசை மூன்று பேர் வரை பங்கிடலாம், 1973ல் மூன்றாவது நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதில் யாரை உட்கார வைப்பது என்று கேட்டால் நான் வுட்வர்டை அல்ல, பாசனையே சொல்வேன்.

வில்கின்சனை வெறும் பாதிக்கப்பட்ட உதவிப் பேராசிரியராகப் பார்க்க முடியாதபடி இன்னொரு கதையும் இருக்கிறது. அதில் அவர் மற்ற பக்கம் நிற்கிறார்.

டால்டா எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? எண்ணெய்க்குள் நிக்கல் தூளைப் போட்டு, சூடாக்கி, ஹைட்ரஜன் வாயுவை அழுத்தமாகச் செலுத்துவார்கள். எண்ணெய் கெட்டியாகிவிடும். நிக்கல் வினையூக்கி, அதாவது தரகர் மாதிரி. பேரத்தை முடித்துவைக்கும், தான் செலவாகாது. ஆனால் அது எண்ணெயில் கரையாத தூள். அதன் மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதும் கஷ்டம், இந்த இடத்தில் மட்டும் ஹைட்ரஜனைச் சேர், அந்த இடத்தைத் தொடாதே என்று கட்டுப்படுத்துவதும் கஷ்டம். 1960களில் இம்பீரியலில் வில்கின்சனும், ஆஸ்பார்ன், ஜார்டீன் உள்ளிட்ட அவருடைய மாணவர்களும், ரோடியம் குளோரைடை ட்ரைஃபீனைல் ஃபாஸ்ஃபீனோடு சேர்த்து ஆல்கஹாலில் காய்ச்சி, ஒயின் சிவப்பில் ஒரு சேர்மம் செய்தார்கள். அது கரைசலாகவே வேலை செய்தது. அறையின் வெப்பநிலை, சாதாரணக் காற்றழுத்தம், இவ்வளவு போதும். மூலக்கூறில் எளிதில் எட்டக்கூடிய இரட்டைப் பிணைப்பை மட்டும் தேர்ந்தெடுத்து ஹைட்ரஜன் சேர்த்தது. 1965ல் செய்தி வெளியானது. இன்றுவரை அதற்குப் பெயர் 'வில்கின்சன் வினையூக்கி'.

ஆனால் அதே சமயத்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் கோஃபி என்ற ஆராய்ச்சியாளர் இதே சேர்மத்தைத் தனியாகக் கண்டுபிடித்து, காப்புரிமைக்கும் விண்ணப்பித்திருந்தார். பென்னெட், லாங்ஸ்டாஃப் என்ற இருவரும் 1965லேயே இந்தச் சேர்மத்தைத் தயாரித்து வெளியிட்டிருந்தார்கள். பெயர் மட்டும் வில்கின்சனுக்குப் போனது. ஏன்? அவர் குழுதான் அது எப்படி வேலை செய்கிறது என்று படிப்படியாகப் பிரித்து எழுதியது. ரோடியம் எப்போது ஒரு ஃபாஸ்ஃபீனைக் கழற்றுகிறது, ஹைட்ரஜன் எப்போது வந்து உட்காருகிறது, எப்போது கைமாறுகிறது என்று எல்லாம். மறுபடியும் அதே விதி. கண்டெடுத்தவரைவிடக் கணக்கு எழுதியவருக்கே சொத்து!

இதன் வாரிசுகளும் பெரிய இடத்துப் பிள்ளைகள். அமெரிக்காவில் மான்சான்டோ கம்பெனியின் வில்லியம் நோல்ஸ், இந்த வினையூக்கியில் இருந்த ஃபாஸ்ஃபீனை எடுத்துவிட்டு, இடது கை - வலது கை வேறுபாடு உள்ள ஃபாஸ்ஃபீனை வைத்தார். அந்த வழியில் வந்ததுதான் பார்கின்சன் நோய்க்கான எல்-டோப்பா மருந்தின் தொழிற்சாலைத் தயாரிப்பு. நோல்ஸுக்கு 2001ல் நோபல் கிடைத்தது.

இப்போது என் துறைக்கு வருகிறேன். ரோடியம் என்பது சும்மா கிடைக்கிற உலோகம் இல்லை. 2021ல் ஒரு அவுன்ஸ் 29,000 டாலரைத் தாண்டியது. அதே வருடம் தங்கம் 2,000 டாலருக்குக் கீழே. பிளாட்டினச் சுரங்கங்களில் துணைப்பொருளாகக் கொஞ்சமாக வருகிற சரக்கு. இவ்வளவு விலையான ஒன்றை எந்தக் கம்பெனி முதலாளி தொட்டிக்குள் கொட்டச் சம்மதிப்பார்?

சம்மதித்தார்கள். ஜெர்மனியில் ஓட்டோ ரோலன் 1938ல் கண்டுபிடித்த முறை ஒன்று இருந்தது. புரோப்பிலீனோடு கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்து பியூட்டிரால்டிஹைடு செய்வது. அதிலிருந்து ஒரு ஆல்கஹால், அதிலிருந்து பி.வி.சி.யை வளையவைக்கும் எண்ணெய். வீட்டு வயர் மேல் இருக்கும் உறை, ஆட்டோ சீட்டின் ரெக்ஸின், மழைக்கோட்டு எல்லாம் விறைப்பாக இல்லாமல் மெத்தென்று இருப்பது இந்த எண்ணெயால்தான். இதற்குப் பழைய வினையூக்கி கோபால்ட். மலிவுதான், ஆனால் இருநூறு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் வேண்டும். அந்த அழுத்தத்தைத் தாங்கும் கலன், பம்பு, மின்சாரச் செலவு என்று பட்டியல் நீளும். போதாததற்கு, வேண்டாத கிளைவடிவப் பொருளும் நிறைய வரும். 1968 வாக்கில் வில்கின்சன் குழு ரோடியம் சேர்மம் ஒன்றால் இதே வேலையை மிகக் குறைந்த அழுத்தத்தில் செய்ய முடியும் என்று காட்டியது. ஜான்சன் மாத்தி, டேவி, யூனியன் கார்பைடு ஆகிய மூன்று கம்பெனிகளும் சேர்ந்து அதைத் தொழிலாக்கின. முதல் ஆலை 1976ல் போர்ட்டோ ரிக்கோவில். இருபது வளிமண்டலத்துக்கும் குறைவான அழுத்தம், சுமார் நூறு டிகிரி வெப்பம். வேண்டிய பொருள் பத்து பங்குக்கு மேல் என்றால் வேண்டாதது ஒரு பங்கு. (யூனியன் கார்பைடு என்றதும் நமக்கு 1984 போபால்தான் நினைவுக்கு வரும். அது வேறு கதை, மறக்கக் கூடாத கதை.)

கோபால்ட் மலிவு, ரோடியம் ஆனை விலை. ஆனாலும் ரோடியம் ஜெயித்தது. காரணம், வினையூக்கி கச்சாப்பொருள் இல்லை. அது செலவாவதில்லை, கவனமாக மீட்டெடுத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். இருப்புநிலைக் குறிப்பில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய சொத்து. ஆரம்பத்தில் பெரிய தொகையை முடக்க வேண்டும், ஆனால் மிச்சமாகும் மின்சாரமும் புரோப்பிலீனும் தினமும் லாபக் கணக்கில் ஏறும். 'காஸ்ட் அக்கவுண்டிங்' பாடத்தில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ஜான்சன் மாத்தி கம்பெனிக்கு விலையுயர்ந்த உலோகங்களை விற்பதுதான் தொழில். வில்கின்சனின் ஆய்வகத்துக்கு ரோடியம், ருத்தேனியம் போன்றவற்றை அவர்கள் கடனாகக் கொடுத்துவந்தார்கள். தர்மமா, முதலீடா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கடன் இல்லாவிட்டால் எந்தப் பேராசிரியரால் மாணவர்கள் கையில் ரோடியத்தைக் கொடுத்து, போட்டு உடைத்துப் பார் என்று சொல்ல முடியும்?

நோபல் உரையில் அவர் எதைப் பற்றிப் பேசினார் என்பதும் சுவாரசியம். பரிசு சாண்ட்விச்சுக்கு. 1973 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பேசியதோ, உலோகத்துக்கும் சாதாரண கார்பனுக்கும் நடுவேயான அந்தப் பழைய ஒற்றைப் பிணைப்பைப் பற்றி. அது நிலைக்காது என்று எல்லோரும் சொன்னார்களே, உண்மையில் பிணைப்பு பலவீனமானது இல்லை, அது தப்பித்து ஓட ஒரு சுலபமான பின்வாசல் இருப்பதுதான் பிரச்சினை என்றார். உலோகத்தை ஒட்டிய கார்பனுக்கு அடுத்த கார்பனில் ஹைட்ரஜன் இருந்தால், உலோகம் அதைப் பறித்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிடும். அந்த வாசல் இல்லாத மூலக்கூறுகளைத் தேர்ந்தெடுத்தால் பிணைப்பு நிற்கும். ஆறு மெத்தில்களைச் சுமக்கும் டங்ஸ்டனையே செய்து காட்டினார்கள். ஃபெரோசீன் அன்று அவ்வளவு அதிசயமாகத் தெரிந்ததற்கு எந்த நம்பிக்கை காரணமோ, அந்த நம்பிக்கையையே கடைசியில் பிரித்துப் போட்டுவிட்டார்.

1976ல் சர் பட்டம். 1978ல் அவருடைய பேராசிரியர் பதவிக்கு எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட் பெயர் சூட்டப்பட்டது. 1849லேயே துத்தநாகத்தையும் கார்பனையும் இணைத்துக் காட்டிய ஆதிகால மனிதர் அவர். 1988ல் ஓய்வு. ஓய்வு என்பது காகிதத்தில்தான், ஆய்வகத்துக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. 1996 செப்டம்பர் 26ல் காலமானார்.

ஃபெரோசீன் மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது. 1984ல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள், ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் என்சைமுக்கும் மின்முனைக்கும் நடுவே எலக்ட்ரானைச் சுமந்து செல்லும் கூலியாளாக அதைப் பயன்படுத்தினார்கள். 1987ல் பேனா அளவில் ஒரு சர்க்கரை அளவி கடைக்கு வந்தது அதை வைத்துத்தான். பாசன் பின்னாளில் ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1970களில் காண்ட் என்பவரோடு சேர்ந்து, கோபால்ட்டைக் கொண்டு ஐந்து கார்பன் வளையம் கட்டும் வினை ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்கு 'பாசன் - காண்ட் வினை' என்று பெயர். இந்த முறை அவர் பெயரை யாரும் விட்டுவிடவில்லை.